டிகிரி முடித்தவருக்குப் பல் மருத்துவம்: நான்கு வருடமா, ஐந்து வருடமா?

குமரி மாவட்டம் திருவட்டாறு பக்கத்திலிருந்து 23 வயதுப் பெண் ஒருவர் பல் மருத்துவரான எனக்கு எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கிச் சொல்கிறேன்.

அப்பா அடுத்தவர் தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டுகிறார். அம்மாவுக்கு முந்திரி ஆலையில் வேலை. அண்ணன் குவைத்தில் ஏசி மெக்கானிக். இவர் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். பிளஸ் டூ முடித்ததும் ஒரு முறை நீட் எழுதி 280 வாங்கினார். எங்கேயும் சீட் கிடைக்கவில்லை. பிஎஸ்சி மைக்ரோபயாலஜி சேர்ந்து 78 சதவீதத்தோடு முடித்தார். எட்டு மாதமாக மார்த்தாண்டத்தில் ஒரு பல் கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்காருகிறார்.

ஒரு நாள் உதவியாளர் வரவில்லை. அந்தக் கிளினிக் டாக்டர் இவரைக் கூப்பிட்டு, எச்சிலை உறிஞ்சும் சக்ஷன் குழாயைப் பிடிக்கச் சொன்னார். எழுபது வயதுப் பாட்டிக்கு ஒடிந்த வேர் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. இருபது நிமிடம் இவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாராம். "அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை டாக்டர். பயத்தினால் இல்லை. இதைத்தான் நான் செய்ய வேண்டும் என்று தோன்றிவிட்டது" என்று எழுதியிருக்கிறார்.

பிறகு ஆளுக்கொரு யோசனை. டிகிரி இருந்தால் கர்நாடகத்தில் நேரடியாக பிடிஎஸ் (பல் மருத்துவப் பட்டப்படிப்பு) இரண்டாம் வருடத்தில் சேரலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பக்கத்தில்தானே திருவனந்தபுரம், அங்கே போட்டுப் பார் என்கிறார் மாமா. நாகர்கோவிலில் ஓர் ஏஜென்ட், பிரிட்டனில் பட்டதாரிகளுக்கென்றே நான்கு வருடப் பல் மருத்துவப் படிப்பு இருக்கிறது, 45 லட்சத்தில் முடித்துத் தருகிறேன், ஊருக்கு வந்து கிளினிக் போடலாம் என்கிறார். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் 20 சென்ட்டை விற்க அப்பா தயார். அட்வான்ஸாக 10,000 ரூபாயும் பிளஸ் டூ அசல் மார்க் ஷீட்டும் கொடுத்தாகிவிட்டது. அண்ணன் நர்சிங் போகச் சொல்கிறார். அம்மா கல்யாணப் பேச்சை எடுத்திருக்கிறார். கடைசியாக ஒரு வரி: "நான் இடது கைக்காரி. இடது கைக்காரர் பல் டாக்டர் ஆக முடியுமா?"

மகளே, கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இந்த மாவட்டத்தில் இருபது வருடத்துக்கு மேலாகப் பல் பார்க்கிறேன். உங்களைப்போலக் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் "டாக்டர்" என்ற பட்டத்துக்காகத்தான் வருவார்கள். நீங்கள் ஒடிந்த வேரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இந்தப் பதிலுக்கு நேரம் எடுத்துக்கொண்டேன். ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்டவற்றில் பாதிக்கு மேல் தவறு. முதலில் அவற்றைச் சரி செய்துவிடுவோம்.

பிஎஸ்சி படித்ததால் வருடம் குறையுமா?

குறையாது. இந்தியாவில் பிடிஎஸ் படிப்புக்கு ஒரே வாசல்தான். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், அப்புறம் நீட். நான்கு வருடப் படிப்பும் ஒரு வருடப் பயிற்சி மருத்துவமும் சேர்த்து ஐந்து வருடம். எந்த டிகிரி வைத்திருந்தாலும் முதல் வருடத்தின் முதல் நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும். பொறியியலில் டிப்ளமோ முடித்தவர்கள் நேராக இரண்டாம் வருடம் சேருகிறார்களே, அதுபோல இங்கே எதுவும் கிடையாது. கர்நாடகமானாலும் சரி, காஷ்மீரானாலும் சரி. அப்படிச் சேர்த்துக்கொள்கிறோம் என்று ஒரு கல்லூரியே சொன்னாலும் அந்தப் படிப்பை வைத்துப் பல் மருத்துவராகப் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் ஒரு பாற்பல்லைக்கூட நீங்கள் பிடுங்கக் கூடாது.

ஏன் இப்படி என்று கோபம் வரலாம். மூன்று வருடம் கிருமிகளைப் படித்தவரை மறுபடி முதலிலிருந்து உட்கார வைப்பானேன்? முதல் வருடத்தில் என்ன நடக்கிறது என்று சொன்னால் புரியும். உடற்கூறியலும் உடலியங்கியலும் இருக்கின்றன. அவற்றோடு பல்லின் அமைப்பு என்று ஒரு பாடம். கையில் ஒரு மெழுகுக் கட்டியும் கத்தியும் கொடுப்பார்கள். மேல் முன்பல்லிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பல்லாகச் செதுக்க வேண்டும். கடைவாய்ப் பல்லின் மேட்டையும் பள்ளத்தையும் மில்லிமீட்டர் கணக்கில் கொண்டுவர வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடுதலாகச் சீவிவிட்டால் கட்டியைத் தூர வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். நான் முதல் கடைவாய்ப் பல்லை ஒழுங்காகச் செதுக்குவதற்குள் பதினொரு கட்டி வீணானது. இந்தக் கைப்பழக்கத்தை எந்த பிஎஸ்சியும் கொடுக்காது.

அதற்காக உங்கள் மூன்று வருடம் வீண் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டாம் வருடத்தில் நோயியலும் நுண்ணுயிரியலும் வரும். வகுப்பில் மற்றவர்கள் திணறும்போது உங்களுக்கு அது தெரிந்த தெருவாக இருக்கும். சொத்தைப் பல்லே கிருமி செய்கிற வேலைதானே. படித்தது கைகொடுக்கும். ஆனால் வருடத்தைக் குறைக்காது.

பிரிட்டனின் நான்கு வருடம்

ஏஜென்ட் சொன்னதில் ஒரு பகுதி உண்மை. அங்கே பட்டதாரிகளுக்கான நான்கு வருடப் பல் மருத்துவப் படிப்பு உண்டு. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 2008-ல் தொடங்கிய பல் மருத்துவப் பள்ளியைப் பட்டதாரிகளுக்கென்றே தொடங்கினார்கள். உயிரியல் சார்ந்த டிகிரியில் நல்ல மதிப்பெண், கல்லூரிக்குத் தகுந்தபடி யூகேட் போன்ற நுழைவுத் தேர்வு, நேர்காணல், ஆங்கிலத் தேர்வு என்று படிப்படியாகத் தாண்ட வேண்டும். ஆஸ்திரேலியாவில் சிட்னி, மெல்போர்ன் பல்கலைக்கழகங்களிலும் டிகிரிக்குப் பிறகு நான்கு வருடம்தான். அமெரிக்காவில் பல் மருத்துவம் படிக்கிறவர்களில் ஏறக்குறைய எல்லோருமே டிகிரி முடித்துவிட்டு வருகிறவர்கள்.

ஆனால் இது யாருக்காக ஏற்பட்டது என்று பாருங்கள். அந்த நாட்டிலேயே ஒரு டிகிரி முடித்துவிட்டு, பிறகு மனம் மாறிப் பல் மருத்துவத்துக்கு வருகிற அந்த நாட்டுப் பிள்ளைகளுக்காக ஏற்பட்டது. பிரிட்டனில் ஒவ்வொரு கல்லூரியும் வருடத்துக்கு எத்தனை பல் மருத்துவ மாணவர்களைச் சேர்க்கலாம் என்பதற்கு அரசின் உச்சவரம்பு இருக்கிறது. அதில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒதுங்குவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச இடங்களுக்கு உலகம் முழுக்க இருந்து போட்டி.

அடுத்தது பணம். வெளிநாட்டு மாணவருக்குப் பல் மருத்துவக் கட்டணம் அங்கே பல கல்லூரிகளில் ஆண்டுக்கு 40,000 பவுண்டுக்கு மேல். ஒரு பவுண்டு 100 ரூபாய்க்கு மேல் போகிறது. நான்கு வருடத்துக்கு நீங்களே பெருக்கிப் பாருங்கள்: படிப்புக் கட்டணம் மட்டும் 1 கோடியே 60 லட்சத்தைத் தாண்டும். தங்க, சாப்பிட, குளிருக்குக் கம்பளி வாங்க எல்லாம் தனி. அந்த நாட்டு மாணவர்களுக்குக் கிடைக்கும் அரசுக் கடனும் உதவித்தொகையும் உங்களுக்குக் கிடையாது.

அப்படியானால் ஏஜென்ட் சொன்ன 45 லட்சம் எதற்கு? எனக்கு வரும் சந்தேகத்தைச் சொல்கிறேன். பல் சார்ந்த பொதுச் சுகாதாரம், பல் பொருள்கள், உயிர் மருத்துவ அறிவியல் என்று வேறு பட்டங்கள் அங்கே இருக்கின்றன. நல்ல படிப்புகள்தான். ஆனால் படிப்பின் பெயரில் "டென்டல்" என்று இருந்தால் மட்டும் பல் டாக்டர் ஆகிவிட முடியாது. ஏஜென்ட்டிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பட்டத்தை வைத்து பிரிட்டனின் ஜெனரல் டென்டல் கவுன்சிலில் பல் மருத்துவராகப் பதிவு செய்ய முடியுமா? முடியும் என்று கல்லூரியின் தாளில் எழுதி வாங்கித் தாருங்கள்." பதில் வரும்வரை ஒரு சென்ட் நிலத்தையும் யாருக்கும் அளந்து காட்ட வேண்டாம்.

படித்துவிட்டு ஊருக்கு வந்து கிளினிக் போடலாம் என்பதும் அவர் சொல்வது போல எளிதல்ல. வெளிநாட்டுப் பட்டத்தோடு வருகிறவர் இங்குள்ள அங்கீகார விதிகளுக்கு உட்பட்டுத்தான் பதிவு பெற முடியும். 1948-ன் பல் மருத்துவர் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. படிப்பு முடிந்து பதிவு பெறுவதற்கு எழுத வேண்டிய ஒரு தேசிய வெளியேறும் தேர்வையும் அது கொண்டுவருகிறது. கோடிக்கணக்கில் கடன் வாங்கிப் படித்தவர் அந்தக் கடனை அடைக்க அங்கேயே பல வருடம் வேலை பார்க்க வேண்டியிருக்கும். குலசேகரத்தில் கிளினிக் போட்டு அதை அடைக்க முடியாது.

வெளிநாட்டு ஆசை உண்மையிலேயே இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. இங்கே பிடிஎஸ் முடியுங்கள். அதன் பிறகு பிரிட்டனுக்கு ஓஆர்இ என்ற இரண்டு கட்டத் தேர்வு இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கு அந்த நாட்டுப் பல் மருத்துவக் கவுன்சிலின் தேர்வுகள். அமெரிக்காவில் வெளிநாட்டுப் பல் மருத்துவர்களுக்கென்று இரண்டு, மூன்று வருடப் படிப்புகள். இவையும் சுலபமோ மலிவோ இல்லை. ஆனால் அந்த நேரம் வரும்போது நீங்கள் கையில் தொழிலோடு நிற்பீர்கள்.

திருவனந்தபுரம், 7.5 சதவீதம், பழைய 280

மாமா சொன்னதில் நியாயமான ஓர் ஏக்கம் இருக்கிறது. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். நம் ஊர்க்காரர்கள் பெரிய நோய் என்றால் இன்னமும் திருவனந்தபுரத்துக்குத்தான் ஓடுகிறார்கள். 1956 வரை இந்தத் தாலுகாக்கள் திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தவைதானே. ஆனால் நீட் கலந்தாய்வுக்கு அந்த உறவு தெரியாது. அங்குள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரியின் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் கேரளத்தவருக்கு. உங்களுக்குத் திறந்திருப்பது 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீடு மட்டும். அதற்கு நாடு முழுவதுமிருந்து போட்டி இருக்கும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் உங்களுக்கு இடம் உண்டு என்று நம்பி எழுதியிருக்கிறீர்கள். இதைச் சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது. 2020-ன் அந்தச் சட்டம் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். அரசு உதவி பெறும் பள்ளி அதில் சேராது. இந்த மாவட்டத்தில் சபைகளும் சமுதாய அமைப்புகளும் நடத்தும் உதவி பெறும் பள்ளிகள் ஊருக்கு ஊர் இருப்பதால், இந்தத் தவறு நம் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் நேர்கிறது. சம்பளம் கட்டாமல் படித்தோமே, அப்படியானால் அரசுப் பள்ளிதானே என்று நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் சாதிச் சான்றிதழ்படியான இட ஒதுக்கீடு வழக்கம்போல உண்டு, அதில் மாற்றமில்லை.

பழைய 280-ஐ மறந்துவிடுங்கள். இந்தியாவில் சீட் வாங்க நீட் மதிப்பெண் அந்தந்த வருடத்துக்கு மட்டும்தான் செல்லும். "தகுதி பெற்றார்" என்று வந்தாலே சீட் உறுதி என்றும் நினைக்க வேண்டாம். தகுதி என்பது கலந்தாய்வு வரிசையில் நிற்பதற்கான அனுமதி மட்டும்தான்.

அப்படியானால் வழி என்ன?

நீட்டுக்கு மேல் வயது வரம்பு 2022-ல் எடுக்கப்பட்டுவிட்டது. தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். 180 கேள்வி, 180 நிமிடம், 720 மதிப்பெண். அதில் 90 கேள்வி, அதாவது 360 மதிப்பெண், உயிரியல். அது உங்கள் களம். கடந்த முறை எது உங்களைக் கவிழ்த்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: இயற்பியல். 45 கேள்வியில் முப்பத்தொன்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பதில் போட்டதாகச் சொல்கிறீர்கள். ஒவ்வொரு தவறுக்கும் ஒரு மதிப்பெண் போகும். கண்ணை மூடிப் போட்டால் வருவதும் போவதும் ஏறக்குறைய சரிக்குச் சரியாகிவிடும், கையில் பெரிதாக ஒன்றும் நிற்காது.

நான் சொல்லும் திட்டம் ஒரே ஒரு வருடத்துக்கு. ஒரு முறை முழு மூச்சாக எழுதுங்கள். வரும் மே மாதத் தேர்வுக்குப் பிறகு, சீட் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், இரண்டாவது "ரிப்பீட்" வருடம் வேண்டாம். நான்கு, ஐந்து வருடம் நீட் எழுதி எழுதியே துவண்டுபோன பிள்ளைகளை நான் பார்க்கிறேன். பல்வலி என்று வருவார்கள். எக்ஸ்ரேயில் பல்லில் ஒன்றும் இருக்காது. இரவெல்லாம் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வீங்கியிருக்கும். உங்களை அந்த நாற்காலியில் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

கிளினிக் வேலையை அரை நாளாகக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். காலையில் உங்கள் வீட்டில் எப்படியும் நாலு மணிக்கு விளக்கெரியும். அப்பா நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பும் நேரம். அந்த நேரத்தை இயற்பியலுக்குக் கொடுங்கள். பல லட்சம் கட்டித் தங்கிப் படிக்கும் கோச்சிங் தேவையில்லை. என்சிஇஆர்டி புத்தகங்கள், பழைய வினாத்தாள்கள், இயற்பியலுக்கு மட்டும் ஒரு நல்ல டியூஷன் ஆசிரியர் போதும். அதே சமயம் எம்எஸ்சி விண்ணப்பத்தையும் போட்டு வையுங்கள். ஒரு கதவு மூடினால் ஜூலையில் வெறுங்கையோடு நிற்கக் கூடாது.

மதிப்பெண் வந்த பிறகு எந்த சீட்டை எடுப்பது, எதை விடுவது என்று இப்போதே, அப்பா அம்மாவோடு உட்கார்ந்து முடிவு செய்துவிடுங்கள். கலந்தாய்வு நேரத்தில் பதற்றத்தில் எடுக்கும் முடிவுதான் நிலத்தை விற்க வைக்கும். என் கருத்து இது. சென்னை, கடலூர் மாவட்டம் சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய இடங்களில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இவற்றில் எது கிடைத்தாலும் யோசிக்காமல் சேருங்கள். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தால் கட்டணத்தைக் கணக்குப் போட்டு, கல்விக் கடனோடு சேரலாம். நம் மாவட்டத்தில் குலசேகரத்திலேயே தனியார் பல் மருத்துவக் கல்லூரி இருப்பதால் விடுதிச் செலவும் மிச்சமாகலாம். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் திருப்பிக் கட்டத் தொடங்கலாம். கிளை மேலாளர் நிலப் பத்திரம் கேட்டால், இந்த விதியைச் சொல்லி, மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்று பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் அந்த ஒரு வாக்கியமே போதும்.

நிர்வாக ஒதுக்கீடு வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் ரசீது இல்லாமல் யாராவது பணம் கேட்டால் அது 1992-ன் தமிழ்நாடு சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், கணக்கே சரிவராது. நாட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. புதிதாக பிடிஎஸ் முடித்தவருக்குத் தனியார் கிளினிக்கில் கிடைக்கும் தொடக்கச் சம்பளத்தைக் கேட்டால் உங்களுக்குக் கண்ணீர் வரும். நீங்கள் வேலை பார்க்கும் இடத்திலேயே ஜூனியர் டாக்டர் ஒருவர் இருப்பார், அவரிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள். அரசுப் பணியிடங்கள் குறைவு. சொந்தக் கிளினிக் என்றால் நாற்காலி, கம்ப்ரஸர், ஆட்டோகிளேவ், எக்ஸ்ரே எல்லாம் வேண்டும். ஊருக்குள் உங்கள் கை மேல் நம்பிக்கை வர மூன்று, நான்கு வருடம் பிடிக்கும். கடன் இல்லாத கையோடு இந்தத் தொழிலில் நுழைந்தால் பொறுமையாக நிற்கலாம். தலைக்கு மேல் கடனோடு நுழைந்தவர்கள், தேவையே இல்லாத பல்லுக்கும் தொப்பி (கிரவுன்) மாட்டும் டாக்டராக மாறிப்போவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தவறு அவர்களுடையது மட்டும் இல்லை.

சரி, அதற்கும் முன்னால் ஒரு வேலை. ரிசப்ஷன் மேசையை விட்டு இரண்டு வாரம் நாற்காலிக்குப் பின்னால் நிற்க அனுமதி கேளுங்கள். வேர் எடுத்த அந்த இருபது நிமிடம் அபூர்வமான நாள். மற்ற நாள்களில் இதே தொழில் எப்படி இருக்கும் என்று பாருங்கள். கழுத்து வலி, ஒரே பல்லில் முக்கால் மணி நேரம், கத்தும் குழந்தை, "ஊசி போடாமல் எடுக்க முடியாதா" என்று பத்தாவது தடவை கேட்கும் பெரியவர். போன மாதம் பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். பாக்கு போடுகிறவர். வாயைத் திறக்கச் சொல்லி என் மூன்று விரலை நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன், இரண்டு விரல்தான் நுழைந்தது. உள்கன்னம் பனை ஓலை மாதிரி வெளுத்து விறைத்திருந்தது. அவர் வந்ததென்னவோ ஒரு சொத்தைப் பல்லுக்கு. அந்தக் கன்னத்தைப் பற்றி, புற்றுநோயைப் பற்றி, பாக்கை விடுவதைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். கட்டணம் எதுவும் வராத அரை மணி நேரம். இந்த மாதிரி நாளும் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திறங்கள்.

இடது கை

கடைசி வரியில் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். முடியும். இடது கைப் பல் மருத்துவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், என்னோடு படித்தவர்களிலேயே இரண்டு பேர். கல்லூரி நாற்காலிகள் பெரும்பாலும் வலது கைக்காரருக்கு அமைந்திருக்கும், முதல் சில மாதம் சிரமம். அப்புறம் உட்காரும் பக்கத்தை மாற்றிக்கொண்டு பழகிவிடுவீர்கள். கையில் தெளிவு இருந்தால் போதும், எந்தக் கை என்பது பிரச்சினையே இல்லை.

அந்தத் தெளிவு எங்கிருந்து வரும் என்றால், உங்கள் அப்பாவின் கையைப் பாருங்கள். பால்வெட்டுக் கத்தி பட்டையை மட்டும் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போய்த் தடியில் பட்டுவிட்டால் மரம் காயப்படும், அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாகத்தான் வளரும். மேலோட்டமாகப் போனால் சிரட்டையில் பால் சேராது. இருட்டில், ஒரு லைட் வெளிச்சத்தில், ஒரு நாளைக்கு முந்நூறு மரத்தில் அவர் அந்த மயிரிழையைப் பிடிக்கிறார். சொத்தையை எடுக்கும்போது நாங்களும் அதைத்தான் செய்கிறோம். கெட்டது முழுக்கப் போக வேண்டும், உள்ளே இருக்கும் நரம்புக்கூழைத் தொடக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு தோட்டத்துக்குப் போய்க் கத்தியை இடது கையில் பிடித்துப் பாருங்கள்.

நர்சிங், கல்யாணம்

அண்ணன் உங்கள் நல்லதற்குத்தான் சொல்கிறார். வளைகுடாவில் நம் மாவட்டத்து நர்ஸ் பிள்ளைகள் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவதைக் கண்ணால் பார்க்கிறவர் அவர். ஆனால் நர்சிங் டிகிரியும் உங்களுக்கு முதலிலிருந்து நான்கு வருடம்தான், அங்கேயும் உங்கள் பிஎஸ்சிக்குச் சலுகை கிடையாது. நோயாளியின் பக்கத்தில் இரவு முழுக்க நிற்க மனசு இருந்தால் போகலாம். விசாவுக்காக மட்டும் போக வேண்டாம். பல் துறையிலேயே இருக்க வேண்டும், ஆனால் ஐந்து வருடம் முடியாது என்றால் பல் சுகாதாரப் பணியாளர், பல் தொழில்நுட்பர் என்ற இரண்டு வருட டிப்ளமோக்கள் இருக்கின்றன. கட்டுப் பல்லும் கிரவுனும் செய்யும் லேப் வேலையில் கைத்திறமைக்கு நல்ல மதிப்பு உண்டு. ஆனால் அவை வேறு தொழில்கள், அங்கிருந்து பிடிஎஸ்ஸுக்குள் ஏறிவர முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

கல்யாணத்தைப் பற்றி அம்மாவிடம் நானே பேச முடிந்தால் பேசுவேன். 24 வயதில் சேர்ந்தால் 29-ல் டாக்டராக வெளியே வருவீர்கள். படிக்காவிட்டாலும் 29 வயது வரத்தான் போகிறது. என் வகுப்பில் இரண்டு பேர் கல்யாணமாகி, ஒருவர் கைக்குழந்தையோடு, இறுதி வருடம் எழுதினார்கள். கஷ்டப்பட்டார்கள், ஆனால் முடித்தார்கள். அம்மாவிடம் "கல்யாணமே வேண்டாம்" என்று நிற்காதீர்கள். "மே மாதம் வரை பேச்சை நிறுத்தி வையுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். ஒரு தேதி சொல்லிக் கேட்டால் அம்மாக்களுக்கு மறுப்பது கஷ்டம்.

அந்த மார்க் ஷீட்

இதுதான் இன்று செய்ய வேண்டியது. அசல் மார்க் ஷீட்டை யாரிடமும் விட்டு வைக்கக் கூடாது. நீட் கலந்தாய்விலும் எம்எஸ்சி சேர்க்கையிலும் முதலில் கேட்பது அதைத்தான். எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்க ஸ்கேன் செய்த நகலே போதும். எனவே "அசல் தேவை" என்று அவர் சொல்வதை நம்ப வேண்டாம். உங்களை அவர் கையில் கட்டி வைக்கும் கயிறு அது.

தனியாகப் போக வேண்டாம், அப்பாவையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். சண்டை போடாமல், "வேறு படிப்புக்கு விண்ணப்பிக்கிறோம், அசல் வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். 10,000 ரூபாய்க்கு ரசீது இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஜிபே மூலம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவும், அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும் சாட்சிதான். ஒன்றையும் அழிக்காமல் வேறொரு போனிலும் சேமித்து வையுங்கள். தர மறுத்தால், ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்பி 15 நாள் கெடு கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் உங்கள் எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்தில் மார்க் ஷீட்டுக்காக ஒரு புகார், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பணத்துக்காக ஒரு மனு. நுகர்வோர் ஆணையத்துக்கு வக்கீல் வைத்துத்தான் போக வேண்டும் என்றில்லை, நீங்களே எழுதிக் கொடுக்கலாம்.

பணம் திரும்ப வரச் சில மாதம் ஆகலாம். மார்க் ஷீட் நீட் விண்ணப்பம் திறப்பதற்குள் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்க வேண்டும். அவர் தொலைத்துவிட்டதாகச் சொன்னால் அதையும் எழுதி வாங்கிக்கொண்டு, அன்றைக்கே உங்கள் பள்ளித் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். இரண்டாம் படி வாங்குவதற்கான விண்ணப்பம் அங்கிருந்துதான் தொடங்கும்.